தட்டானைக் காட்டி ஏமாற்றினாரா?

கேள்வி: கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு நாள் காட்டுயிர் பார்க்கப் போனோம். கிளம்பும்போது காலை 10 மணி. வழிகாட்டி ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. ஒரு குட்டை ஓரம் மர நிழலில் உட்காரவைத்து, தட்டானையும் வண்ணத்துப்பூச்சியையும் காட்டியே பொழுதைக் கழித்துவிட்டார். ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை. ஏமாந்துவிட்டோம் என்கிறார் என் கணவர். உங்கள் கருத்து?

பதில்: நானும் அதே வேலையில் இருந்தவன். அதனால் அவர் பக்கம் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தப்பு அந்த 10 மணியில் இருக்கிறது அம்மா. கோடையில் மான் போன்றவை விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும். வெயில் ஏறியதும் புதருக்குள் படுத்து அசைபோட ஆரம்பித்துவிடும். அதைத் தேடி நடந்தால், நாம் பார்ப்பதற்குள் அது நம்மைப் பார்த்துவிடும். பிள்ளைகள் தூங்கட்டும் என்று நீங்களே 10 மணி கேட்டிருந்தால் அவர் என்ன செய்வார்? அவராகவே அந்த நேரத்தைச் சொல்லியிருந்தால், உங்கள் கணவர் கோபத்தில் பாதி நியாயம் உண்டு.

என் முதல் கோடையில், வந்தவர்கள் முகம் வாடக் கூடாதே என்று ஏழெட்டுப் பேரை உச்சி வெயிலில் இழுத்துக்கொண்டு நடந்தேன். கண்ணில் பட்டது ஒரு நரியின் வால். அதையும் நான் மட்டும்தான் பார்த்தேன். கூட வந்த பெரியவர் ஒருவர் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, ஈரத்துணி போட்டு, தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தோம். அரை மணியில் எழுந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "நரி எங்கே?" அன்றிலிருந்து 11 மணிக்கு மேல் நிழலை விட்டு நான் யாரையும் அழைத்துப் போனதில்லை.

உங்கள் ஆள் தண்ணீர் ஓரம் உட்காரவைத்ததும் சரிதான். தாகத்துக்கு ஏதாவது வந்தால் அங்கேதான் வரும். வராவிட்டாலும் அந்தத் தட்டான் லேசுப்பட்டதல்ல. நண்பகலில் சில தட்டான்கள் வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு, தலைகீழாக நிற்பதுபோல் குச்சியில் உட்கார்ந்திருக்கும். வால்நுனி சூரியனைப் பார்த்திருப்பதால் உடம்பில் வெயில் படும் இடம் குறைந்துபோகிறது. ஈர மண்ணில் கூட்டமாக உறிஞ்சும் வண்ணத்துப்பூச்சிகளில் பெரும்பாலும் ஆண்கள்தான். மண்ணில் கரைந்த உப்புக்காக வருகின்றன. அந்த உப்பில் ஒரு பங்கு இணை சேரும்போது பெண்ணுக்குப் போய்ச் சேரும்.

இன்னொன்று, பிள்ளைகளிடம் சொல்லுங்கள், சிரிப்பார்கள். செங்கால் நாரை வெயில் தாங்காமல் தன் கால்மேலேயே எச்சமிட்டுக்கொள்ளும். ஈரம் காயக் காயக் கால் குளிரும். அதனால் கோடையில் அந்தச் செங்கால் வெள்ளைக் காலாகிவிடுகிறது!

அடுத்த முறை விடியலுக்கு முன்பே போய்விடுங்கள், 10 மணிக்குள் நடை முடியட்டும். அப்புறம் நிழல், மறுபடி மாலை. முன்பதிவின்போதே "நண்பகலில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். நடந்துகொண்டே இருப்போம் என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: இதே மாதிரி பயணத்துக்கு 12 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பெரிதாக்கப் பெரிதாக்கக் கை நடுக்கமும் பெரிதாகும். வெயில் நேரத்தில் தரையிலிருந்து எழும் கானலும் சேர்ந்துகொண்டால், குயிலா காக்கையா என்றுகூடத் தெரியாது. 8×42 போதும்: 8 மடங்கு பெரிதாகத் தெரியும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். நான் ஒன்றைக் குட்டைக்குள் விட்டவன்.