கேளுங்க, சொல்றேன்: கார் வச்சிருக்கறவருக்கு எதுக்கு ரேஷன் அரிசி?

திருச்சி வாசகர்: சார், எங்க தெருவுல கார் வச்சிருக்கறவர் வீட்டுக்கும் அரிசி கார்டு இருக்கு. வாங்கி, வீட்டு வேலை செய்யற அம்மாவுக்குக் கொடுத்துடறாங்க. நம்ம வரிப்பணம் இப்படிப் போகணுமா? ஏழைங்களுக்கு மட்டும்னு ஒரு லிஸ்ட் போட்டா வேலை முடிஞ்சுதுல்ல?

லிஸ்ட் போட்டா முடிஞ்சுதுன்னு ஈஸியா சொல்லிட்டீங்க, அங்கதானே சிக்கலே ஆரம்பிக்குது. 1997ல மத்திய அரசு அதைத்தான் பண்ணுச்சு, வறுமைக் கோட்டுக்குக் கீழ, மேலன்னு பிரிச்சு ரேஷனைச் சுருக்குனாங்க, தமிழ்நாடு ஒத்துக்காம எல்லாருக்கும்னே வச்சுக்கிச்சு. லிஸ்ட் எடுத்த லட்சணத்தைக் கேளுங்க. 2002ல கிராமங்கள்ல பி.பி.எல்., அதாவது வறுமைக் கோட்டுக்குக் கீழ யாருன்னு கணக்கெடுப்பு நடந்துச்சு, 13 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4 மார்க், மொத்தம் 52. தலைக்கு எத்தனை துணி இருக்கு, எத்தனை வேளை சாப்பிடறீங்க, கக்கூஸ் இருக்கான்னு போகும், மார்க் குறைச்சலா வந்தாத்தான் ஏழை. ஃபெயில் ஆனா பாஸ் பண்ற பரீட்சை இந்த ஒண்ணுதான்னு நினைக்கறேன்! எழுத வர்றவரு ஊர்ப் பெரிய வீட்டுத் திண்ணையில உக்காந்துகிட்டா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா? 2004-05 தேசிய மாதிரி ஆய்வுக் கணக்குப்படி கிராமத்து ஏழைக் குடும்பங்கள்ல ஏறக்குறைய பாதிக்கு பி.பி.எல். கார்டே கிடையாது, ஆனா வசதியான வீடுகள் பலதுல இருந்துச்சு.

இதுல ரெண்டு வகைத் தப்பு இருக்குன்னு 1993லயே கோர்னியா, ஃப்ரான்சஸ் ஸ்டூவர்ட்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் பிரிச்சு எழுதிட்டாங்க. கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்காமப் போறது ஒண்ணு, தேவையில்லாதவருக்கும் போய்ச் சேர்றது இன்னொண்ணு. ஒண்ணைக் குறைக்க வடிகட்டியை இறுக்குனா மத்தது ஏறும். உங்க கார்காரர் கேஸ் ரெண்டாவது வகை, கண்ணுக்குத் தெரியும், கோபம் வரும். முதல் வகையில விட்டுப் போனவங்க யாரு கண்ணுலயும் பட மாட்டாங்க, அவங்களைப் பத்தி யாரும் எனக்கு லெட்டர் போடறதும் இல்ல. ஆயிரம் குற்றவாளி தப்பிக்கலாம், ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாதுன்னு சினிமா கோர்ட்ல வக்கீல் கத்தும்போது கை தட்டறோம்ல, ரேஷன்ல மட்டும் நமக்கு அது தலைகீழா ஆயிடுது. எந்தத் தப்பை நாம தாங்கிக்கலாம்னு எந்த எக்ஸெல் ஷீட்டும் சொல்லாது சார், அது நியாயம் பத்தின கேள்வி. என்னைக் கேட்டா கார்காரர் கார்டு இருந்துட்டுப் போகட்டும். அரிசியே வேண்டாம்னு சர்க்கரை கார்டுக்குத் தானா மாறிக்கற வசதி நம்ம ஊர்லயே இருக்கு, பலரும் மாறியும் இருக்காங்க.

சேலம் வாசகர்: ஆதார், கைரேகைன்னு வந்தப்புறமும் ஆள் விட்டுப் போகுதுங்கறாங்களே, மெஷின் தப்பு பண்ணுமா?

மெஷின் ஏழையா இல்லையான்னு பாக்காது, நீங்கதான் அந்த ஆளான்னு மட்டும்தான் பாக்கும். கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர்னு மூணு பொருளாதார அறிஞர்கள் ஜார்கண்ட் ரேஷன்ல இதைப் பெரிய அளவுல சோதிச்சுப் பாத்தாங்க. கைரேகை வச்சதால மட்டும் திருட்டு குறையல, ஆனா ஆதார் இணைக்காத குடும்பங்களுக்குக் கிடைச்சது சராசரியா 10 சதவீதம் குறைஞ்சுது. அப்புறம் மெஷின் பதிவை வச்சு, கடைக்காரர் கையில எவ்வளவு மிச்சம் இருக்கணும்னு கணக்குப் பார்த்து, அந்த அளவு சரக்கை அரசு குறைச்சு அனுப்புனப்போ திருட்டு குறைஞ்சுது, கூடவே உண்மையான கார்டுதாரருக்கும் குறைஞ்சு போச்சு. அதே ஜார்கண்ட்ல 2017ல சிம்டேகா மாவட்டத்துல 11 வயசுப் பொண்ணு ஒண்ணு செத்துப் போச்சு, ஆதார் இணைக்கலைன்னு கார்டை ரத்து பண்ணதால பட்டினின்னு குடும்பம் சொன்னுச்சு, மலேரியான்னு அரசு சொன்னுச்சு.

மதுரை வாசகி: டவுன் பஸ்ல இலவசமாப் போற பொம்பளைங்ககிட்ட யாரும் வருமானம் கேக்கறதில்ல. மகளிர் உரிமைத் தொகைக்கு மட்டும் கரண்ட் யூனிட் வரைக்கும் கேக்கறாங்களே, ஏன்?

சாதாரண டவுன் பஸ் கூட்டத்துல, ஏ.சி. கார் இருக்கற அம்மா வந்து தொங்க மாட்டாங்க, அதனால அது தானாவே வடிகட்டிடும். மாசம் 1000 ரூபாய் ரொக்கம்னா அப்படியில்ல, யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. அதனாலதான் 2023 செப்டம்பர்ல தொடங்குனப்போ குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள, வருஷ கரண்ட் 3600 யூனிட்டுக்குள்ள, நன்செய்னா 5 ஏக்கர், புன்செய்னா 10 ஏக்கர்னு கோடு போட்டாங்க. எனக்கு இதுல பாதி சம்மதம், ஏன்னா உன் வறுமையை நிரூபின்னு கேக்கறதை விட இருக்கற ரெக்கார்டை வச்சு வசதியானவங்களை விலக்கறது மரியாதையான வழி. ஜோனதன் வுல்ஃப்னு ஒரு இங்கிலாந்து தத்துவப் பேராசிரியர் 1998ல எழுதினார், உதவி வாங்க வர்றவரு தன்னோட இயலாமையைத் தானே அதிகாரிகிட்ட ஒப்பிக்கறதே ஒரு அவமானம், காசு சரியான ஆளுக்குப் போனாலும் அந்த அவமானம் அநியாயம்தான்னு. 2017ல ராஜஸ்தான் தவுசா மாவட்டத்துல ரேஷன் வாங்கற வீட்டுச் சுவத்துல "நாங்க ஏழைக் குடும்பம்"னு பெயிண்ட்லயே எழுதி வச்சாங்க, அதைப் படிச்சப்போதான் வுல்ஃப் சொன்னது எனக்கு உறைச்சுது. மீதி பாதி ஏன் சம்மதம் இல்லைன்னா, மூணு குடும்பம் ஒரே மீட்டர்ல இருந்தா 3600 யூனிட் சர்வசாதாரணமா தாண்டிடும், அங்க மீட்டர் சொல்றது வசதியை இல்ல, நெரிசலை.

கரூர் வாசகர்: இந்த ஆராய்ச்சியெல்லாம் அரசாங்கத்துல யாராவது படிக்கறாங்களா?

படிக்க ஆள் இருக்கு சார். 2021ல தமிழ்நாடு முதல்வருக்குன்னு அமைச்ச பொருளாதார ஆலோசனைக் குழுவுல ரகுராம் ராஜன், எஸ்தர் டுஃப்லோவோட ஜீன் ட்ரீஸ்ங்கற பொருளாதார அறிஞரும் இருந்தார். கிராமத்து ஏழைங்கள்ல பாதிப் பேருக்கு கார்டு இல்லைன்னு மேல சொன்னேனே, அதை ரீத்திகா கேராங்கற இன்னொரு பொருளாதார அறிஞரோட சேர்ந்து எழுதுனவரு அவருதான். ஃபைல் எப்ப நகரும்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.