ஸ்காட்லாந்தின் கெல்பி என்பது குழந்தைகளை மிரட்டச் சொன்ன கதை மட்டும்தானா?

மட்டும்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்களும் அதற்குப் பயந்தார்கள்.

கெல்பி ஆற்றில் வாழும் நீர்க்குதிரை. கேட்பாரற்ற நல்ல குதிரைபோலக் கரையில் வந்து நிற்கும். பிள்ளைகள் ஏற ஏற முதுகு நீண்டுகொண்டே போகும். பிறகு தோல் ஒட்டிக்கொள்ளும், இறங்க முடியாது. அப்படியே தண்ணீருக்குள் பாய்ந்துவிடும். சும்மா தடவிப் பார்த்த ஒரு பையன், ஒட்டிக்கொண்ட விரலைத் தானே வெட்டியெறிந்து தப்பித்தானாம். ஏரியிலும் கடலிலும் இருக்கும் ‘எக் உஷ்கெ’ என்ற நீர்க்குதிரை இன்னும் கொடியது. ஆளைத் தின்றுவிட்டு ஈரலை மட்டும் கரையில் ஒதுங்க விடும்.

கானன் ஆற்றுக் கதையைக் கேட்டால் நான் சொல்வது புரியும். கொத்தனாராக இருந்து நிலவியலாளரான ஹியூ மில்லர் (1802–1856) அதை எழுதிவைத்திருக்கிறார். ஆற்றோரம் அறுவடை நடக்கிறது. இறங்கிக் கடக்கலாம்போலத் தெரிந்து ஆளை விழுங்கும் பொய்த்துறை ஒன்றில் கெல்பி எழுந்து, “நேரம் வந்துவிட்டது, ஆள்தான் வரவில்லை” என்கிறது. சற்று நேரத்தில் ஒருவன் குதிரையில் விரைந்து வருகிறான். அறுப்பவர்கள் மறித்துச் சொல்லியும் கேட்கவில்லை. அவன் உயிரைக் காப்பாற்ற, பக்கத்திலிருந்த பாழடைந்த தேவாலயத்துக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். நேரம் கடந்ததும் திறந்தால், உள்ளே கல்தொட்டித் தண்ணீரில் முகம் புதைந்து செத்துக் கிடக்கிறான்.

இதில் குழந்தையே இல்லை. ஒரு துறையில் இறங்கலாமா கூடாதா என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்த மக்களின் கதை இது. மலைமழையில் திடீரென ஏறும் ஆறுகள் அவை. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸும் 1786இல் வெளிவந்த கவிதையில் கெல்பியை ஆற்றுத்துறையில்தான் நிறுத்துகிறார்.

ஃபால்கர்க் நகரின் 30 மீட்டர் உயர எஃகுக் குதிரைத் தலைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆண்டி ஸ்காட் செய்தவை, பேரழகு. ஆனால் அவை கால்வாயில் படகிழுத்த உழைப்புக் குதிரைகளுக்கான மரியாதை, பெயர்தான் கெல்பி.

எனக்கு மிகப் பிடித்தது மார்ஃபி பிரபுவின் கதை. கடிவாளம் மாட்டினால் கெல்பி அடிமை. அப்படி அதைப் பிடித்துத் தன் கோட்டைக்குக் கல் சுமக்க வைக்கிறார் பிரபு. வேலை முடிந்து அவிழ்த்துவிட்டதும், முதுகும் எலும்பும் நோகக் கல் சுமந்தேனே, நான் உயிரோடு இருக்கும்வரை மார்ஃபி பிரபு தழைக்கமாட்டான் என்று சபித்துவிட்டு ஆற்றில் இறங்குகிறது. அந்தக் கதையில் மட்டும் நான் முழுக்க கெல்பியின் பக்கம்.