இரண்டு 'ஆம்/இல்லை' கேள்விகளுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்க கை ஸ்கொயர் போதுமா?

சர்வே எடுத்துவிட்டேன், இரண்டு கேள்விக்கும் பதில் ஆம் அல்லது இல்லை, கை ஸ்கொயர் (இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு உண்டா, வெறும் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் போதும். ஆனால் அட்டவணையின் கட்டங்களுக்குள் யாரை எத்தனை தடவை எண்ணினீர்கள் என்பதை முதலில் பாருங்கள். நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

எனக்குப் பாம்பன். முதுகலை ப்ராஜெக்ட்டுக்காகக் கடல்பாசி எடுக்கும் பெண்கள் பின்னால் நோட்டும் கையுமாக அலைந்தேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தீவுப் பக்கம் போய், மூச்சடக்கி முங்கிப் பறிப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசி கல்லைப் பிடித்து வளர்வது. பிடுங்கும்போது விரல் கிழியும். அதனால் சிலர் விரலுக்கு விரல் பழைய துணியைச் சுற்றிக்கொள்வார்கள். பிடி கிடைக்காது என்று வெறுங்கையோடு இறங்குகிறவர்களும் உண்டு. துணி சுற்றினால் காயம் குறைகிறதா? இதுதான் என் கேள்வி. கை ஸ்கொயர் போடப்போகிறேன் என்றதும் ஒரு அக்கா, "கையைப் பத்தின கணக்குக்குக் கையின்னுதானே பேரு வைப்பாக" என்றார். அது கிரேக்க எழுத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கணக்கு எளிதாக இருக்க எண்களை உருட்டிச் சொல்கிறேன். மொத்தம் 100 பேர். துணி சுற்றியவர்கள் 60, அவர்களில் 15 பேருக்குக் காயம். வெறுங்கை 40, அதிலும் 15 பேருக்குக் காயம். பார்த்தால் 25 சதவீதத்துக்கும் 37.5 சதவீதத்துக்கும் நல்ல வித்தியாசம் போலத் தெரியும். துணிக்கும் காயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொண்டால், மொத்தக் காயம் 30-இல் துணிக்காரர்களுக்கு 60 × 30 ÷ 100, அதாவது 18 வந்திருக்க வேண்டும். வந்தது 15. வித்தியாசம் 3, அதன் வர்க்கம் 9, அதை 18-ஆல் வகுத்தால் 0.5. இப்படியே நான்கு கட்டத்துக்கும் போட்டுக் கூட்டினால் 1.79 வரும். 2 × 2 அட்டவணைக்கு 5 சதவீத மட்டத்தில் எல்லை 3.84; சம்பந்தமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இதைத் தாண்டுவது நூற்றில் ஐந்து தடவைதான். தாண்டவில்லை. துணிக்கும் காயத்துக்கும் தொடர்பு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் எனக்கு வந்தது 5.36! குதித்தேன். ப்ராஜெக்ட் கைடு அட்டவணையைப் பார்த்ததும், "ஏம்ப்பா, 100 பேர்னு சொன்னே, இதில 300 இருக்கே?" என்றார். ஒவ்வொருவரிடமும் மூன்று நாள் கேட்டிருந்தேன், மூன்றையும் தனித்தனி வரியாக ஏற்றிவிட்டேன். துணி சுற்றுகிறவர் தினமும் சுற்றுகிறார், விரல் கிழிகிறவருக்குத் தினமும் கிழிகிறது. ஒரே ஆளை மூன்றாக எண்ணினால் கை ஸ்கொயரும் அப்படியே மூன்று மடங்காகும். புதிதாக ஒரு விஷயமும் தெரிந்திருக்காது, எண் மட்டும் எல்லையைத் தாண்டிவிடும். இந்தச் சோதனையைக் கொடுத்த கார்ல் பியர்சனே (1900) சறுக்கியிருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல். 2 × 2 அட்டவணைக்கு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (மொத்தங்கள் தெரிந்தபின் சுதந்திரமாக மாறக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கை) 3 என்று அவர் வைத்துக்கொண்டிருந்தார். 1தான் என்று 1922-இல் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் காட்டினார். பியர்சன் லேசில் ஒத்துக்கொள்ளவும் இல்லை.

சரி, உங்களிடமும் ஒரே ஆளின் பதில் இரண்டு தடவை இருந்தால் என்ன செய்வது? ஆளுக்கு ஒரு வரி என்று சுருக்கிவிடலாம்: மூன்று நாளில் ஒரு தடவையாவது காயம் பட்டதா, இல்லையா. அல்லது, ஒரே பெண் ஒரு நாள் துணியோடும் இன்னொரு நாள் வெறுங்கையோடும் போயிருந்தால் மெக்நெமார் சோதனை. அதில் இரண்டு நாளும் ஒரே மாதிரி இருந்தவர்களைத் தள்ளிவிட்டு, மாறியவர்களை மட்டும் பார்ப்போம். வெறுங்கை நாளில் மட்டும் காயம்பட்டவர் 14, துணி நாளில் மட்டும் பட்டவர் 5 என்றால், வித்தியாசம் 9-இன் வர்க்கம் 81, வகுத்தல் 19: 4.26. இதற்கும் எல்லை அதே 3.84தான், இங்கே தாண்டிவிட்டது.

எதிர்பார்க்கும் எண் ஏதாவது ஒரு கட்டத்தில் 5-க்குக் கீழே போனால் கை ஸ்கொயரை விட்டுவிட்டு ஃபிஷரின் துல்லியச் சோதனைக்குப் போங்கள். மென்பொருளில் ஒரு வரி வேலை.

அப்புறம், மேலே சொன்ன அக்கா போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "துணி சுத்துறவ கல்லுக்குப் போறவ தம்பி. கட்டக்கோரை எடுக்கிறவளுக்கு எதுக்குத் துணி?" கட்டக்கோரை இன்னொரு வகைப் பாசி. காயம் அதிகம் படும் இடத்துக்குப் போகிறவர்களே துணி சுற்றுகிறார்கள் என்றால், எல்லோரையும் ஒரே அட்டவணையில் கொட்டியபோது துணியின் பலன் அதில் அமுங்கிப்போயிருக்கலாம். நான் எந்தப் பாசி என்று கேட்கவே இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி கரைக்குப் போனேன், அடுத்த அமாவாசை வரை காத்திருந்து.