பணிவுக்கும் போதையைத் தவிர்ப்பதற்கும் என்ன தொடர்பு?

பணிவு என்பது தன் பலவீனத்தையும் உள்ளபடி தெரிந்துவைத்திருப்பது. தமிழில் ‘அடக்கம்’ என்ற ஒரே சொல் பணிவையும் தன்னைக் கட்டுப்படுத்துவதையும் குறிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் அது.

ஆசை எவ்வளவு வலுவானது என்பது, அது இல்லாத நேரத்தில் நமக்குப் புரிவதில்லை. சிக்கல் அங்கேதான். “எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவேன்” என்று நம்புகிறவர்தான் குடிக்கும் நண்பர்களோடு தைரியமாகப் போய் உட்காருவார். மழை பெய்த சாலை வழுக்கும் என்று தெரிந்தவரோ முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிடுவார் இல்லையா, அந்த மாதிரி.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) இயக்கத்தின் முதல் படியே, மதுவின் முன் தனக்குச் சக்தியில்லை என்று ஒப்புக்கொள்வதுதான்.

பலர் இதைத் தன்னையே மட்டம் தட்டிக்கொள்வது என்று நினைக்கிறார்கள். “நான் எதற்கும் லாயக்கில்லை” என்ற அந்த எண்ணம் பணிவே இல்லை, அது மறுபடி குடிக்கத்தான் தள்ளும்.