வழுக்கும் தரையும் நாயின் மூட்டுகளும்

மட்டக்களப்பு கல்லடியில் புதிதாக டைல்ஸ் பதித்த வீட்டில் வளரும் எட்டு வயது நாய் எழும்பும்போது அதன் பின்கால்கள் விலகி வழுக்குவதாகவும், மூட்டுகளை எப்படிப் பாதுகாக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் தரையைத்தான் சந்தேகிக்க வேண்டும். நாயின் உள்ளங்கால் மெத்தைகளே தரையைப் பிடிக்கின்றன. நகங்கள் நீண்டு, நடக்கும்போது ‘டக் டக்’ என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டால், விரல்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, பிடிமானம் குறைந்து, எழும்பும் ஒவ்வொரு தடவையும் இடுப்பும் முழங்காலும் இழுபடுகின்றன. நகங்களையும் மெத்தைகளுக்கிடையே வளர்ந்த மயிரையும் வெட்டிவிட்டு, அது படுக்கும் இடத்திலிருந்து சோற்றுக் கோப்பை வரைக்கும், அடியில் றப்பர் ஒட்டிய விரிப்பை இடுங்கள். பன்பாய் வேண்டாம், டைல்ஸில் பாயும் சேர்ந்து வழுக்கும்.

அடுத்தது எடை. விலாவைத் தடவும்போது எலும்புகள் விரலுக்கு எளிதில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் சோற்றைக் குறைப்பதுடன், ஆளாளுக்கு ஊட்டும் பிஸ்கட்டையும் கணக்கில் சேருங்கள் (எங்கள் வீட்டில் அந்தக் குற்றவாளி அம்மம்மாதான்).

கடற்கரைக்குக் கூட்டிச் செல்வதானால், கால் புதையும் உலர்ந்த மணலைத் தவிர்த்து, அலையோரத்து இறுகிய மணலில், வெயில் ஏறுமுன் சிறிது தூரம் நடத்துங்கள். நீச்சல் மூட்டுக்கு நல்லதுதான். ஆனால் முதலைகள் உள்ள மட்டக்களப்பு வாவியில் இறக்கிவிடாதீர்கள்.

நொண்டல் ஓரிரு நாளில் குறையாவிட்டால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். மனிதருக்கான வலி மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது. குறிப்பாக இபுபுரூபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.