சொட்டு விடாமல் பார்த்த பவரை நம்பாதீர்கள்

கேள்வி: மகனுக்கு 9 வயது. போன வருடம் மைனஸ் 1.5 இருந்த பவர் இப்போது 2.75 என்கிறார்கள். கண்ணாடிக் கடையில், பவர் ஏறாமலிருக்க, நீல ஒளியைத் தடுக்கும் 'ப்ளூ கட்' லென்ஸ் போடச் சொல்கிறார்கள். மாமியாரோ, கண்ணாடியைக் கழற்றினால் தானாகச் சரியாகும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு தாய், திருமங்கலம்

பதில்: இரண்டு பேர் பேச்சும் வேண்டாம் அம்மா. அந்த 2.75-ஐ எங்கே பார்த்தார்கள்? கடையிலா? கண்ணில் சொட்டு விட்டார்களா?

கடை மெஷினில் பையன் தாடையை வைத்து, தூரத்து பலூனைப் பார்க்கிறான். பலூன் படத்தில்தான் தூரம். பெட்டி மூக்குக்கு நேரே இருக்கிறது. சின்னக் கண் கிட்டத்தில் பார்ப்பதுபோல் இறுகிக்கொள்ளும், மைனஸ் கூடுதலாகக் காட்டும். அரை நிமிடத்தில் சீட்டு, சாயங்காலம் கண்ணாடி. சொட்டு விட்டுக் கண் தளர்ந்த பிறகு பார்த்தால் சில பிள்ளைகளுக்கு ஒரு பவர்கூடக் குறைகிறது. அதற்கு அரை நாள் ஆகும், அன்று பள்ளிக்கூடம் போச்சு. போகட்டும்.

ப்ளூ கட் மைனஸைத் தடுக்காது. கண் நீளமாக வளர்வதால்தான் பவர் ஏறுகிறது. கண்ணாடியைக் கழற்றினால் அந்த வளர்ச்சி நிற்காது, கரும்பலகைதான் மங்கும். வேகத்தைக் குறைக்கும் லென்ஸ் வேறு: நடுவில் தெளிவு, சுற்றிலும் பொடிப்பொடியாகக் குட்டி லென்ஸ்கள். விலை அதிகம். டாக்டர் எழுதித் தந்தால் வாங்குங்கள்.

வேகத்தைக் குறைக்க இன்னொன்று, இரவில் விடும் அட்ரோபின் சொட்டு, 0.01 முதல் 0.05 சதவீதம் வரை. மெடிக்கலில் 'அட்ரோபின்' என்று மட்டும் கேட்டு 1 சதவீத பாட்டிலை வாங்கி வருகிறார்கள். ஒரு வாரத்துக்கு மேல் பிள்ளைக்குக் கண் கூசும், புத்தகம் தெரியாது. சரியான சொட்டையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

தினம் 2 மணி நேரம் வெளியே விளையாட விடுங்கள். நம்மூர் மதிய வெயில் வேண்டாம். கண்ணுக்கு வேண்டியது வெளிச்சம்தான், வேப்பமர நிழலிலேயே வகுப்பறையைவிட அது பல மடங்கு. பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகளிடம் இதை யார் சொல்வது? பவர் வராத தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஒரே ஒரு விஷயம். பையன் கண்ணைக் கசக்குகிறானா? தூசியில் அரிப்பு, காலையில் பீளை? சீட்டில் 'சிலிண்டர்' கட்டத்தைப் பாருங்கள், கண்ணின் வளைவு சீராக இல்லாததைக் காட்டும் எண் அது. ஏறியிருப்பது அந்த எண் என்றால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. கருவிழி கூம்பாகிக்கொண்டிருக்கலாம். அதற்குத் தனி ஸ்கேன் உண்டு, சிகிச்சையும் வேறு, தள்ளிப்போடவே கூடாது. முதலில் கசக்குவதை நிறுத்த வேண்டும். போன வருடச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.