விறகுக்குப் போகிறவளைக் கேட்காமல் எழுதிய விதி

கேள்வி: எங்கள் ஊர் வனக் குழுவின் பதினொரு பேரில் நான்கு பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறார்கள். கூட்டத்துக்கு வந்தாலும் அவர்கள் வாய் திறப்பதில்லை. யானையும் கள்ள மரம் வெட்டுவோரும் உள்ள காட்டில் பெண்களுக்கு என்ன வேலை? இது வெறும் கணக்குக் காட்டுவதுதானே?
– வாசகர் ஒருவர், படுவான்கரை

பதில்: கணக்குக் காட்டும் வேலையாக அதை ஆக்கி வைத்திருப்பவர்கள் குழுவை நடத்தும் ஆண்களே. சென்ற ஆண்டு உங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அத்தகைய குழுவின் இரண்டு கொப்பிகளை வாங்கிப் பார்த்தேன். வரவுப் பதிவில் பெண்களின் கையெழுத்தே அதிகம். கூட்டக் குறிப்பிலோ மூன்று மாதத்தில் ஒரு பெண் சொன்ன ஒரு வசனம்கூட இல்லை. காய்ந்த விறகும் எடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவரும் ஆமோதித்தவரும் ஆண்கள். அதன் பின்னர் அடுப்பெரிக்க இன்னும் இரண்டு மைல் தூரம் நடந்தவர்கள் பெண்கள்.

யானையைக் காரணம் காட்டுகிறீர்கள். விடியற்புறம் காட்டோரத்தில் கிடக்கும் யானை இலத்தி புதிதா, பழையதா என்று பார்த்துவிட்டு உள்ளே இறங்குகிறவள் விறகுக்குப் போகும் பெண்தான். கொப்பை முறித்துப் பார்த்து, படக்கென்று ஒடிந்தால் எடுப்பாள், வளைந்தால் பச்சை என்று விட்டுவிடுவாள். எந்தப் பாலை மரம் இந்த வருடம் பழுத்தது என்பதும், நேற்றில்லாத வெட்டுத் தறி (வெட்டிய மரத்தின் அடிக்கட்டை) இன்று எங்கே நிற்கிறது என்பதும் முதலில் அவள் கண்ணில்தான் படுகின்றன. கள்ள மரம் வெட்டுவோரைப் பற்றிக் கவலைப்படும் குழு அவளிடம் ஒரு தடவையாவது விசாரித்திருக்கிறதா?

அவர்கள் பேசுவதில்லை என்ற உங்கள் குறையை ஆராய்ந்தவர் இந்தியப் பொருளியலாளர் பீனா அகர்வால். குஜராத்திலும் நேபாளத்திலும் உள்ள வனக் குழுக்களை ஒப்பிட்ட அவர், நிர்வாகத்தில் பெண்கள் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இருக்கும்போது அவர்கள் கூட்டத்துக்கு வருவதும் பேசுவதும் பதவி ஏற்பதும் கூடுகின்றன என்றும், பெண்கள் கூடுதலாகப் பங்கெடுத்த குழுக்களில் காட்டின் நிலை மேம்பட்டது என்றும் கண்டார். நேபாளம் 2009 வழிகாட்டலில் நிர்வாகக் குழுவில் பாதி பெண்கள் என்றதோடு நிற்காமல், தலைவர் அல்லது செயலாளர் பதவியில் ஒன்று பெண்ணுக்கு உரியது என்றும் சொன்னது. பதவி கையில் இல்லாமல் மூலையில் உட்கார வைக்கப்பட்டவர் பேசாதிருப்பதில் எனக்கு வியப்பில்லை.

மகளுக்கு வீடும் வளவும் எழுதிக் கொடுத்து, குடி என்னும் குலத்தைத் தாய்வழியில் எண்ணும் மட்டக்களப்பில் இருந்து இந்தக் கேள்வி வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அரச காணியின் உரிமை வாரிசில் மகனை முன்னிறுத்திய 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே 2022இல் திருத்தப்பட்டுவிட்டது. வனக் குழு மட்டும் இன்னும் குடும்பத்துக்கு ஒருவர் என்று பதிந்து, அந்த ஒருவரைக் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆணாகவே எழுதுகிறது. போரில் கணவனை இழந்து வீட்டைத் தனியே இழுத்துக்கொண்டு போகும் பெண்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்களே, அவர்கள் எந்தத் தலைவரின் கீழ் வருகிறார்கள்?

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் விறகு, தேன், பிரம்பு பற்றிய விதிகளை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் கொடுத்து அவர்களது திருத்தங்களை எழுத்தில் கேளுங்கள். காலைச் சமையல் நேரத்தில் கூட்டம் வைக்காமல் பின்னேரம் மூன்று மணிக்கு வையுங்கள். நான்கு பெண்களில் ஒருவரைப் பொருளாளராக்கி வங்கிக் கணக்கில் கையொப்பமிடும் அதிகாரத்தையும் கொடுங்கள். யார் என்ன சொன்னார் என்பதைக் கூட்டக் குறிப்பில் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். இத்தனையும் செய்து ஓராண்டு கழிந்த பின்பும் அவர்கள் வாய் திறக்கவில்லையென்றால், அந்தக் குறிப்பேட்டோடு எனக்கு எழுதுங்கள்.